இக்னிஷன் காயில்: பழுதைத் தேடிய வரலாறு

இக்னிஷன் காயில் (எரியூட்டுச் சுருள்) என்பது பெட்ரோல் வண்டியின் பேட்டரி தரும் குறைந்த மின்னழுத்தத்தை, ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தித் தரும் மின் கருவியாகும். காரின் பேட்டரி 12 வோல்ட் மட்டுமே தருகிறது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையின் ஊடாகப் பொறி பாய வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் தேவை. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் காயிலின் வேலை. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் அங்கே காயிலும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை.

காயிலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம். அந்த வரிசை இக்கட்டுரையிலும் உண்டு. ஆனால் வண்டி நடுவழியில் நின்றவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு: கெட்டது காயில்தானா? ஒவ்வொரு காலத்து ஓட்டுநரும் மெக்கானிக்கும் இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடினார்கள் என்பதையே இங்கு முதன்மையாகப் பார்க்கிறோம்.

ஆய்வகத்தில் பிறந்த சுருள்

1831 ஆகஸ்ட் மாதம் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றொன்றில் கணநேர மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். சீராக ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் எதையும் தூண்டவில்லை, மாற்றமே தூண்டியது. மாணவர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிதாகிவிடும்.

1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த நிக்கலஸ் கேலன் என்ற பாதிரியார், தடித்த கம்பியில் சில சுற்றுகளும் மெல்லிய கம்பியில் மிகப் பல சுற்றுகளும் கொண்ட சுருளை உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கிராஃப்டன் பேஜ் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இதே வழியில் சென்றார். உயர் மின்னழுத்தத்தை அளக்கக் கருவி இல்லாத காலம் அது. கேலன் தம் மாணவர்களைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, அவர்கள் எவ்வளவு துள்ளுகிறார்கள் என்பதை வைத்தே சுருளின் ஆற்றலை மதிப்பிட்டார் என்று சொல்வார்கள். ஆசிரியர் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதைப் பாராட்ட என்னால் இயலவில்லை.

பாரிசில் கருவிப் பட்டறை வைத்திருந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் ரூம்கோர்ஃப், 1850களில் இச்சுருளை நல்ல மின்காப்புடன் செய்து விற்றார். 1853-இல் ஃபிஸோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், மின்சுற்றைத் துண்டிக்கும் இடத்தில் ஒரு மின்தேக்கியை இணைத்தால் பொறி வலுப்பெறும் என்று காட்டினார். பின்னாளில் நம்மூர் மெக்கானிக்குகள் ‘கண்டன்சர்’ என்று அழைத்த சிறிய உருளை இதன் வழித்தோன்றலே. ரூம்கோர்ஃபுக்கு 1864-இல் மூன்றாம் நெப்போலியன் நிறுவிய 50,000 பிராங்க் பரிசு கிடைத்தது. கேலனின் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தது.

எஞ்சினுக்குள் வந்தது

1860-இல் எத்தியேன் லெனுவார் தம் வாயு எஞ்சினில் ரூம்கோர்ஃப் சுருளைப் பொருத்தினார். அக்காலப் பேட்டரிகளோடும் ஈரமான காப்புகளோடும் அது அடிக்கடி தகராறு செய்தது. அதனாலேயே 1876-இல் நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கிய ஓட்டோ மின்பொறியை விட்டுவிட்டுத் தீச்சுடரைப் பயன்படுத்தினார். டைம்லரோ பழுக்கக் காய்ச்சிய குழாயை வைத்து எரியூட்டினார். காயிலுக்குத் திரும்பியவர் கார்ல் பென்ஸ். 1886-இல் அவர் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் பேட்டரியும் அதிர்வுச் சுருளும் இருந்தன. எஞ்சின் அமைப்பில் எரியூட்டலே தலையாய சிக்கல் என்று அவர் கருதினார்.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களுடன் அந்த வகை வண்டியை மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றார். வழியில் எரியூட்டும் கம்பியின் காப்பு தேய்ந்து மின்கசிவு ஏற்பட, காலுறையைக் கட்டும் நாடாவை அதில் சுற்றிப் பயணத்தைத் தொடர்ந்தார் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. காரின் எரியூட்டல் பழுதைச் சாலையில் கண்டறிந்து சரிசெய்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்ச்சி இதுவாகவே இருக்கக்கூடும். பழுதின் வகையும் கவனிக்கத்தக்கது: காயில் கெடவில்லை, காப்பு கெட்டது.

பேட்டரியே வேண்டாம் என்று காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் எடுத்த மேக்னெட்டோ, 1902-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் வடிவமைத்த உயர் அழுத்த வகையோடு நம்பகமானதாயிற்று. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அது இன்றும் இரண்டிரண்டாக இருக்கிறது. கார்களில் மட்டும் காயில் மீண்டும் வந்தது.

ஃபோர்டு மாடல் டி: நான்கு பெட்டிகளும் ஒரு விரலும்

1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியில் நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு தனித்தனிக் காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய மரப்பெட்டி. பெட்டியின் தலையில் அதிரும் தகடு ஒன்று உண்டு. வீட்டு அழைப்புமணியின் சுத்தியல் போல அது வேகமாகத் துடித்து மின்சுற்றைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும். நான்கு பெட்டிகளும் ஓட்டுநருக்கு எதிரே ஒரு பெரிய பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஓடும்போது அவற்றிலிருந்து வண்டு ரீங்காரம் போன்ற ஒலி வரும்.

இந்த அமைப்பில் பழுது காண்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எஞ்சின் ஒழுங்காக ஓடாமல் ‘மிஸ்ஸிங்’ அடித்தால், பெட்டியின் மூடியைத் திறந்து அதிரும் தகடு ஒன்றை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தச் சிலிண்டருக்குப் பொறி நின்றுவிடும். எஞ்சின் ஓசை மேலும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் அதுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். அழுத்தியும் எந்த மாறுதலும் இல்லையென்றால், ஏற்கெனவே செத்துக்கிடந்த சிலிண்டர் அதுதான். இந்தச் சோதனையை நிறுவனமே வண்டியோடு தந்த கையேட்டில் விளக்கியிருந்தது.

சிலிண்டர் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை: காயிலா, பிளக்கா, கம்பியா? இதற்கும் வழி இருந்தது. காயில் பெட்டிகளில் கம்பி முடிச்சு எதுவும் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டிலுள்ள பித்தளைப் பொட்டுகள் வெளிப்பெட்டியின் வில்தகடுகளில் அழுந்தியே இணைப்பு உண்டாகும். ஆகவே இரண்டு காயில்களை உருவி, இடம் மாற்றிச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது. மாற்றிய பின் பழுதும் காயிலோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குக் குடிபெயர்ந்தால் குற்றவாளி காயில். பழுது பழைய இடத்திலேயே இருந்தால் பிளக்கையும் கம்பியையும் பார்க்க வேண்டும். அக்கால ஓட்டுநர் பலர் ஒரு நல்ல காயிலை எப்போதும் வண்டியில் கூடுதலாக வைத்திருந்தார்கள்.

‘இடம் மாற்றிப் பார்’ என்ற இந்த முறையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் காணாமல் போய் அது திரும்பி வரப்போகிறது.

கெட்டரிங்கின் ஒற்றைக் காயில்

அது காணாமல் போகக் காரணமானவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் பதியும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றியவர். பின்னர் எட்வர்ட் டீட்ஸ் என்பவருடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தை 1909-இல் தொடங்கினார். அவருடைய எரியூட்டல் அமைப்பு 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய மின் ஸ்டார்ட்டரும் காடிலாக்கில் இடம்பெற்றது. வண்டி தானே மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரியை நிரப்பிக்கொள்ளத் தொடங்கியதும், பேட்டரியை நம்பிய காயிலுக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது.

கெட்டரிங் அமைப்பில் எத்தனை சிலிண்டர் இருந்தாலும் காயில் ஒன்றுதான். அதன் முதன்மைச் சுருளில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், துணைச் சுருளில் முடி போன்ற மெல்லிய கம்பி ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகளும் இருக்கும். எஞ்சினால் சுழலும் ஒரு முனைத்தண்டு ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனையைத் திறந்து மூடும். மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் 3, 4 ஆம்பியர் ஓடிக் காந்தப்புலத்தைக் கட்டுகிறது. திறந்த கணத்தில் புலம் சரிகிறது. அந்த வேகமான மாற்றம் முதன்மைச் சுருளிலேயே 300 வோல்ட் அளவுக்கு அழுத்தத்தை எழுப்புகிறது. துணைச் சுருளில் அதன் நூறு மடங்கு. சேரும்போது அல்லாமல் பிரியும்போதுதான் பொறி பிறக்கிறது. அந்த உயர் மின்னழுத்தத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுத் தரும்.

வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறிகள் கேட்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 6,000 பொறி, அதாவது நொடிக்கு 100. ஒவ்வொரு பொறிக்கும் கிடைப்பது நூறில் ஒரு நொடி. அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் பங்கு பாதியைவிடச் சற்றே கூடுதல். அந்தச் சிறு நேரத்துக்குள் காயில் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். மாடல் டியில் நால்வர் பங்கிட்டுச் செய்த வேலையை ஒருவரே செய்வது போல இது.

பாயிண்ட் காலத்து மெக்கானிக்

இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார்களெல்லாம் இந்த ஒற்றைக் காயில் வகையே. பிரிட்டனின் பர்மிங்காம் நகரத்து லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் இணைந்து 1961-இல் நிறுவிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னைப் பாடியில் ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், காயில் ஆகியவற்றை உற்பத்தி செய்தது. பாடி வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் இன்றும் ‘லூகாஸ்’ என்று சொல்லி நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். ஒரு காயில் கம்பெனியின் பெயர் ஊர்ப்பெயராகிவிட்ட விந்தை அது.

ஒற்றைக் காயில் வந்தபின் பழுதின் இயல்பு மாறியது. காயில் செத்தால் ஒரு சிலிண்டர் அல்ல, வண்டியே நிற்கும். இடம் மாற்றிப் பார்க்க இன்னொரு காயிலும் இல்லை. எனவே மெக்கானிக், மின்சாரம் எங்கு வரை வந்திருக்கிறது என்று படிப்படியாகத் தேடிப்போனார். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுக்கம்பியை உருவி, அதன் முனையை எஞ்சினின் உலோகத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்வார். தடித்த நீலப் பொறி ‘டப் டப்’ என்று பாய்ந்தால் காயில் நல்லது. மூடி, ரோட்டார், பிளக் கம்பிகள் ஆகியவற்றில்தான் பிழை. மெலிந்த மஞ்சள் பொறியானாலோ பொறியே இல்லாவிட்டாலோ தேடல் பின்னோக்கித் திரும்பும். சிறு விளக்கு ஒன்றைக் காயிலின் பாயிண்ட் பக்க முனையில் தொடுவார். எஞ்சின் சுற்றும்போது விளக்கு மினுக்கினால் பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. விளக்கு மினுக்கியும் பொறி இல்லையென்றால் சந்தேகத்துக்கு உரியவர் இருவரே: காயில், கண்டன்சர். கண்டன்சர் விலை குறைந்தது. ஆகவே அனுபவம் உள்ளவர் அதையே முதலில் மாற்றுவார்.

பொறியை ஏன் அவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும்? பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதானே? சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கிறது. அடர்ந்த வாயுவில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. வெளியே திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டும் சோனிக் காயில் உள்ளே போய்த் தோற்றுவிடும். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துப் பொறி பார்த்து, “கரண்ட் நல்லா வருது” என்று சொல்லிப் போனவர்கள் பலர் ஏமாந்தது இந்த இயற்பியலால்தான்.

எல்லாவற்றையும்விட ஆட்டம் காட்டியது சூட்டுப் பழுது. காலையில் வண்டி குறையில்லாமல் கிளம்பும். கத்திரி வெயிலில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் இருமி நிற்கும். அரை மணி நேரம் மரநிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காதது போலப் புறப்படும். உள்ளே நடப்பது இது: முடி போன்ற கம்பிகளுக்கிடையிலுள்ள காப்பில் நுண்ணிய சேதம் இருந்து, சூடேறும்போது அங்கே மின்கசிவு உண்டாகிறது, ஆறியதும் அடைபடுகிறது. இதே அடையாளம் இன்னொரு பழுதுக்கும் உண்டு. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. அதற்குத்தான் அக்காலத்தில் பம்பின் மேல் ஈரத்துணி போட்டார்கள். துணி போட்டு உட்கார்ந்திருந்த அரை மணியில் காயிலும் ஆறிவிடும், வண்டி கிளம்பிவிடும், துணியால்தான் சரியானது என்று நம்பிக்கை பிறக்கும். அடுத்த வாரம் மீண்டும் அதே கதை. பம்பை மாற்றியும் பயனில்லாமல் திகைத்தவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, வண்டி நின்ற அந்த நொடியிலேயே, சூடு ஆறுவதற்கு முன், நடுக்கம்பியில் பொறி வருகிறதா என்று பார்ப்பது. ஆறிய பின் செய்யும் எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை.

மல்டிமீட்டரும் இங்கே முழுத் துணை ஆகாது. முதன்மைச் சுருள் 3 ஓம் அளவிலும் துணைச் சுருள் சில ஆயிரம் ஓம் அளவிலும் காட்டினால் கம்பி அறுந்துபோகவில்லை என்று மட்டுமே தெரியும். மீட்டர் தன் சிறிய பேட்டரியால் சோதிக்கிறது. 20,000 வோல்ட்டில் விட்டுக்கொடுக்கும் காப்பு, அந்தச் சில வோல்ட்டில் யோக்கியமாக நடந்துகொள்ளும்.

காயிலைக் கொல்லும் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிடுவது. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் முதன்மைச் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து காயில் கொதிக்கும். உள்ளே குளிர்ச்சிக்காக ஊற்றிய எண்ணெய் கசிந்து வழிந்த காயில்களைப் பழைய கடைகளில் பார்த்திருக்கிறேன்.

புதுக் காயில் போடும்போதும் தவறு நேர்ந்தது. காயிலின் இரண்டு சிறு முனைகளையும் மாற்றி இணைத்தால்கூட வண்டி ஓடும். ஆனால் பொறியின் துருவம் தலைகீழாகிவிடும். பிளக்கின் நடுமுனை சூடானது. அங்கிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். துருவம் மாறினால் அவை குளிர்ந்த வெளிமுனையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதால் கூடுதல் வோல்ட் தேவைப்படும். பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இக்குழப்பம் மிகுதி.

டிஸ்ட்ரிபியூட்டர் விடைபெற்றது

பாயிண்ட் தேயும், கருகும், அடிக்கடி உப்புத்தாள் கேட்கும். 1973-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் பாயிண்ட்டுக்குப் பதிலாக மின்னணு எரியூட்டலைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் சில ஆண்டுகளில் தொடர்ந்தார்கள். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரே போயிற்று. இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்று வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கிலும் பொறி விடலாம். ஒன்று வேலை செய்யும், மற்றது வீணாகப் போகும். இது புதுமையல்ல, 1948-இல் வெளிவந்த பிரெஞ்சு சிட்ரோயன் 2சிவி காரிலேயே இருந்தது. 1990களில் கணினிக் கட்டுப்பாட்டோடு பரவலாயிற்று. இவ்வகையில் காயில் முற்றிலும் கெட்டால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே விழும். ஒன்று மட்டும் விழுந்தால் முதலில் பிளக்கையோ கம்பியையோ பார்க்கலாம்.

ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில்

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் பிளக்கின் தலைமேலேயே காயில் உட்கார்ந்திருக்கிறது. உயர் அழுத்தக் கம்பி கிடையாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரான்சிஸ்டரும் பல வண்டிகளில் காயிலுக்குள்ளேயே உண்டு. அதனால் ஓம் அளந்து பார்க்கும் பழைய வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை. பேட்டரிக்கு அருகில் காற்றோட்டத்தில் இருந்த காயில், எஞ்சினின் தலைச் சூட்டுக்குள் குடியேறியது. இதன் விலையை 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கா கண்டது. அங்கு விற்ற ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் இவ்வகைக் காயில்கள் தொடர்ந்து செத்தன. 2003 தொடக்கத்தில் அந்நிறுவனம் சுமார் 5 லட்சம் வண்டிகளில் காயில்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் பழுதுகாணும் கருவி வண்டிக்குள்ளேயே வந்திருந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி-2 முறை, இந்தியாவில் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அந்தக் கணத்தில் எஞ்சின் தண்டின் சுழற்சி இம்மியளவு தளரும். கணினி அதை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றி, ஒரு குறியெண்ணைப் பதிவு செய்யும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் காயில் விலை ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குறியெண் ‘இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை’ என்கிறது. ‘காயில் கெட்டது’ என்று சொல்லவில்லை. மாடல் டி ஓட்டுநரின் விரல் எந்த இடம் வரை கொண்டுவிட்டதோ, அதே இடத்தில்தான் கணினியும் நம்மைக் கொண்டுவிடுகிறது. அதன்பின் செய்ய வேண்டியதும் அதுவே. இரண்டாம் சிலிண்டரின் காயிலை முதலாவதிலும், முதலாவதை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்தி, குறியெண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0301 வந்தால் காயில் குற்றவாளி. மீண்டும் பி0302 வந்தால் காயில் நிரபராதி; பிளக், இன்ஜெக்டர், வயரிங், வால்வு என்று மேலே தேட வேண்டும்.

இதை நான் கற்றது பணம் கட்டித்தான். ஓய்வு பெற்றபின் எங்கள் வீட்டு வண்டி ஒருநாள் குலுங்கி விளக்கு எரிந்தது. ஒரு பணிமனையில் கணினியைச் செருகிப் பார்த்து, நான்கு காயிலையும் மாற்றினார்கள். பத்து நாளில் அதே சிலிண்டர் மீண்டும் நின்றது. பிறகு பார்த்த ஓர் இளைஞர் காயிலை உருவி, கைவிளக்கால் பிளக் குழிக்குள் பார்த்து, “சார், உள்ள ஆயில் நிக்குது, பாருங்க” என்றார். எஞ்சின் மேல்மூடியின் பேக்கிங் கசிந்து, எண்ணெய் பிளக் குழியில் இறங்கி, காயிலின் ரப்பர் குழலை ஊறவைத்திருந்தது. பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடியது. மாற்ற வேண்டியிருந்தவை பேக்கிங்கும் ஒரு ரப்பர் குழலும். பழைய காயில்களில் மூன்று ஒரு குறையும் இல்லாதவை. முப்பது ஆண்டுகள் ஃபாரடேயின் வளையத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் அந்த முதல் பணிமனையில் ஒரு கேள்வியும் கேட்காமல் நின்றிருந்தேன்.

மாற்றும் முறை

காயில்தான் என்று உறுதியானபின் மாற்றுவது கடினமல்ல. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். ஓடும் எஞ்சினில் காயிலை உருவிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பாயிண்ட் காலத்தில் பிளக் கம்பியை உருவிப் பார்த்ததன் மிச்சம் அது. இன்றைய காயிலின் அடி கையை உதறவைப்பதோடு நிற்காது. இதயக் கருவி பொருத்தியவருக்கு உயிராபத்தாகலாம். போக இடமில்லாத மின்னாற்றல் காயிலின் காப்பையே கிழிக்கவும் கூடும்.

மேலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் காயில்கள் தெரியும். இணைப்பியின் பூட்டு நாக்கை அழுத்தி மெல்லக் கழற்ற வேண்டும். சூட்டில் காய்ந்த நாக்கு ஒடிவது வழக்கமான விபத்து. பெரும்பாலும் 10 நம்பர் போல்ட் ஒன்றுதான் காயிலைப் பிடித்திருக்கும். அதை எடுத்தபின், காயிலை இடமும் வலமுமாகச் சிறிது திருப்பி ரப்பரின் ஒட்டலை விடுவித்து, நேராக மேலே இழுக்க வேண்டும்.

உடனே புதியதைச் செருகிவிடக் கூடாது. குழியில் எண்ணெயோ தண்ணீரோ நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காயிலின் உடலில் வெடிப்பும், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போன்ற கரிய தடமும் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். அந்தக் கரிய தடம் பொறி குறுக்குவழி கண்டதன் அடையாளம். அந்த பிளக்கை அப்படியே விட்டால் புதுக் காயிலும் அதே வழியில் பொறியை இழக்கும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலும் அப்படியே. அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னழுத்தத்தை எழுப்ப வேண்டியிருக்கிறது. பல மாதங்களில் அதன் காப்பு தளர்கிறது. காயில் கெட்டுப்போனதற்குப் பல நேரங்களில் மூலகாரணம் மாற்றப்படாத பிளக்தான் என்பது என் கருத்து. ஆகவே கையேடு சொல்லும் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் பிளக்குகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. குழியிலுள்ள தூசியை ஊதி வெளியேற்றியபின் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும்.

புதுக் காயில் அதே உதிரிபாக எண் கொண்டதாக இருக்க வேண்டும். தோற்றமும் இணைப்பியும் ஒன்றாக இருந்து உள்ளமைப்பு வேறுபடும் காயில்கள் உண்டு. ரப்பர் குழலின் வாயில் மின்காப்பு கிரீஸ் சிறிதளவு தடவி, பிளக்கின் மேல் அமர்வது கைக்குத் தெரியும்வரை அழுத்தி, போல்ட்டை அளவாக முறுக்கி, இணைப்பியை ‘கிளிக்’ ஓசை கேட்கும்வரை செருக வேண்டும். பேட்டரியை இணைத்து, குறியெண்ணை அழித்து, இருபது கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டியபின் மீண்டும் கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். மாற்றிய காயில்களில் நல்லவை ஏதேனும் மிஞ்சினால், எந்த வண்டிக்கு உரியது என்று எழுதி ஒட்டி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் அப்படி மூன்று கிடக்கின்றன.